மாப்பிள்ளைக் குழாய்

என் மிளகுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம், அந்த அளவுக்கு இங்கே நலம்தான், நீயும் அதைவிட ஒரு படி மேலாகவே இருப்பாய் என்று வைத்துக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன். கடைசியாக நிதானமாகப் பேசியபோது இருமினாய், கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாய், ஒன்றுமில்லாத இருமல் பத்து நிமிடப் பேச்சில் ஏழு தடவை வராது, நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன், டாக்டரிடம் போ. அப்பாவுக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது, ஆனால் பஞ்சர் கடையில் குனிந்து நிமிரும்போது முனகுவது மட்டும் குறையவில்லை, டயருக்கும் அந்த முனகல் பழகியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் நம் சுவரை ஒட்டி இன்னொரு மாடி எழுப்புகிறார், உன் அறை ஜன்னலுக்கு இனி வெளிச்சம் வராது, அப்பா போய்க் கேட்டதற்கு, "பொண்ணுதான் ஊர்ல இல்லையே, யாருக்குங்க வெளிச்சம்" என்றாராம், அப்பா திரும்பி வந்து என்னிடம் கோபித்துக்கொண்டார். இரண்டு வாரமாக நீ கூப்பிடும்போதெல்லாம் வேலை அதிகம், வேலை அதிகம் என்று வைத்துவிட்டேன். அது பொய். எனக்கு இப்போது வேலையே இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், போனில் சொன்னால் நீ பாதியிலேயே சரி விடும்மா, சரி விடும்மா என்பாய், நானும் விட்டுவிடுவேன். பேருந்தில் என் காலை மிதித்துக்கொண்டு நிற்கிறவரிடம் காலை எடுங்கள் என்று சொல்ல வாய் வராமல் என் நிறுத்தம் வரைக்கும் காத்திருக்கிறவள் நான், உனக்குத் தெரியாததா.

நீ எங்கள் தொழிற்சாலைக்கு இரண்டு தடவை வந்திருக்கிறாய், இரண்டு தடவையும் முன்கூடத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனாய். அங்கே என்ன இருக்கிறது என்று நினைவிருக்கும், குளிரூட்டிய அறை, பளிங்குத் தரை, ஒரு பெரிய மீன்தொட்டி, "எமது சுத்திகரித்த நீரில் வாழும் மீன்கள்" என்று அதன்மேல் எழுதிய பலகை. அந்த மீன்கள் வாழ்வது லாரியில் வரும் நல்ல தண்ணீரில். ஒரு தடவை மேனேஜரின் விருந்தாளி ஒருவர் ஆசைப்பட்டார் என்று உண்மையாகவே எங்கள் தண்ணீரை ஒரு குடம் ஊற்றினார்கள், மாலைக்குள் எல்லா மீனும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மேலே மிதந்தன, மறுநாள் காலை புது மீன் வந்துவிட்டது, பலகை அப்படியே இருந்தது. தொட்டிக்கு எதிர்ச் சுவரில் எட்டு மாதத்துக்கு முன் வந்த தேசிய தூய நீர்ச் சட்டத்தின் முதல் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, அதற்கென்று ஒரு விளக்கும் வைத்து மாட்டியிருக்கிறார்கள். முதல் பக்கத்தில் தண்டனை எதுவும் இல்லை, நாட்டு மக்கள் ஒவ்வொருவருக்கும் தூய நீர் உரிமை உண்டு என்று அழகாக இருக்கிறது, மாட்டுவதற்கு அதுதான் வசதி. பின்பக்கத்தை நீ பார்த்ததே இல்லை, நானும் உன்னை அங்கே கூட்டிப் போனதில்லை. துணிக்குச் சாயம் ஏற்றும் எந்திரங்களிலிருந்து வரும் கழிவுநீர், ஒரு நாள் ஊதா, ஒரு நாள் பச்சை, ஒரு நாள் கறுப்பு, வெந்நீராகவே ஆவி பறக்க ஒரு கால்வாய் வழியாக வரும். சுத்திகரிப்பு நிலையம் என்று நான்கு பெரிய தொட்டிகள் இருக்கின்றன, கலக்கும் விசிறிகள் இருக்கின்றன, அவை ஓடுவது வாசலில் யாராவது வந்தால்தான். மற்ற நேரம் தண்ணீர் அந்தத் தொட்டிகளைத் தொடாமலே கால்வாயை மூடிய கல்பலகைக்கு அடியில் ஓடிப் பின்னாலிருக்கும் ஓடையில் விழும். ஓடாத தொட்டியில் நிற்பது என்ன தெரியுமா, மேலே ஆடை கட்டின ஒரு கரும்பச்சைக் கூழ், வெயில் ஏறினால் கொப்புளம் விட்டு உடையும், அழுகின முட்டையும் சலவைத்தூளும் சேர்ந்து வெந்த மாதிரி ஒரு நாற்றம். வீட்டுக்கு வந்ததும் நான் ஏன் யாரையும் தொடாமல் நேராகக் குளியலறைக்குப் போகிறேன் என்று சின்ன வயதில் கேட்பாயே, அந்த நாற்றத்தோடு உன்னைத் தூக்கக் கூடாது என்றுதான்.

அந்தப் பின்சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரு எவர்சில்வர் குழாய், பெட்டிக்குப் பூட்டு, மேலே "இறுதி வெளியேற்றம், மாதிரி எடுக்கும் இடம்" என்று எழுத்து. ஆய்வாளர் வந்தால் இந்தக் குழாயைத் திறந்துதான் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவார். இந்தக் குழாய்க்கும் கழிவுநீருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சுவருக்குப் பின்னாலேயே குழாய் மேலே ஏறி, படர்ந்திருக்கும் கொடிக்குள் மறைந்து, கூரைமேல் இருக்கும் ஐந்நூறு லிட்டர் நீலத் தொட்டியில் போய்ச் சேரும். அதில் லாரித் தண்ணீர். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைப் போல நாங்கள் உபசரிக்கும் ஆய்வாளர் வரும்போது மட்டும் திறப்பதால் எங்கள் ஆட்கள் அதற்கு மாப்பிள்ளைக் குழாய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாட்ச்மேன் உள்ளே போன் செய்து "மாப்பிள்ளை வந்துட்டார்" என்பார், உடனே விசிறிகள் ஓடும், எல்லாரும் தலையில் தொப்பி வைத்துக்கொள்வார்கள். நானும் அந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். இதுவரை படித்ததில் நான் எங்கே இருக்கிறேன் என்று தேடுவாய், இதோ வருகிறேன். வெறும் நல்ல தண்ணீரைக் கொடுத்தால் ஒரு சாயத் தொழிற்சாலையிலிருந்து இவ்வளவு சுத்தமாக எப்படி வரும் என்று அரசு ஆய்வுக்கூடத்தில் சந்தேகம் வரும். அதனால் கொஞ்சம் கழிவு சேர்க்க வேண்டும், சட்டம் சொல்லும் அளவைத் தாண்டவும் கூடாது, நம்பும்படியும் இருக்க வேண்டும். எவ்வளவு சேர்க்கலாம் என்று கணித்துக் கொடுத்தது தொழிற்சாலை ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பான நான். சாயக் கழிவை வாளியில் எடுத்து, நிறம் போக்கும் மருந்து போட்டுத் தெளியவைத்து, மேலாக நிற்பதை மட்டும் இறுத்து, ஒரு தொட்டிக்கு இரண்டு வாளி. நிறம்தான் போகும், உப்பும் மற்றதும் அதிலேயே இருக்கும், பார்வைக்குக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கும். இதற்குத் தாளிப்பது என்று பெயர். "டீச்சர், தாளிச்சாச்சா" என்று மேனேஜர் கேட்பார், நான் தலையாட்டுவேன். நான் வாய் திறக்காமல் இருந்து அழகாக எழுதுகிறேன் என்பதால் அங்கே எல்லாருக்கும் நான் டீச்சர். நம் குடும்பத்தில் முதல் பட்டதாரி, தன் பெயரைத் தானே எழுதத் தெரிந்த முதல் ஆளும் நான்தான், என் அப்பா கடைசி வரைக்கும் பெருவிரலைத்தான் நீட்டினார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வேதியியல் படித்துவிட்டு வந்து நான் கண்டுபிடித்தது இரண்டு வாளி என்கிற விகிதம். பதினொரு வருடமாகப் பதிவேட்டில் தினமும் நான்கு எண்கள் எழுதி அடியில் கையெழுத்தும் போட்டேன், ஒரு எண்ணும் உண்மையில்லை, கையெழுத்து மட்டும் உண்மை.

முன்பெல்லாம் ஆய்வாளர் வரும் தேதி முன்னாலேயே தெரிந்துவிடும், அன்றைக்கு மட்டும் தொட்டியை நிரப்பினால் போதும். புதுச் சட்டத்தில் சொல்லாமல் கொள்ளாமல் எந்த நாளும் வரலாம் என்று எழுதிவிட்டார்கள். அதனால் எங்கள் இடத்தில் என்ன மாறியது என்றால், தொட்டியை எந்நேரமும் நிரப்பித் தாளித்து வைத்திருக்க வேண்டியதாயிற்று, அவ்வளவுதான். திங்கட்கிழமைதோறும் வாட்ச்மேன் லாரித் தண்ணீரை ஏற்றுவார், நான் வாளியோடு படியேறுவேன். மூன்று மாதமாக ஒரு திங்கட்கிழமைக்கும் அடுத்த திங்கட்கிழமைக்கும் நடுவில் தண்ணீர் கீழே இறங்கியிருந்ததைப் பார்த்தேன். குழாய்ப் பெட்டிக்கு அடியில் சிமெண்ட் ஈரமாக இருந்ததையும், அந்த ஈரத்தில் வட்ட வட்டமாகக் கேன் வைத்த தடம் இருந்ததையும் பார்த்தேன். மேனேஜரிடம் ஒரு தடவை சொன்னேன், "வெயிலுக்கு ஆவியாப் போகும் டீச்சர், உங்களுக்குத் தெரியாததா" என்றார். ஐந்நூறு லிட்டர் தொட்டியில் பாதி ஒரு வாரத்தில் ஆவியாகாது என்று எனக்குத் தெரியும். சரி சார் என்று வந்துவிட்டேன். பார்ப்பேன், கேட்க மாட்டேன், என் பிழைப்பே அதுவாக இருந்திருக்கிறது, எழுதும்போதே சீ என்று வருகிறது.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை முற்பகல் வாட்ச்மேன் போன் செய்து, "மாப்பிள்ளை வந்துட்டார், இந்தத் தடவ கூட ஒரு பொண்ணும் வந்திருக்கு" என்றார். வழக்கமாக வருகிற பெரியவர் மூக்கில் கைக்குட்டையோடு வந்தார், அவர் குழாயைத் தாண்டி ஓர் அடி வைத்தவரில்லை. கூட வந்த புது ஆய்வாளருக்கு உன்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம், கைக்குட்டை இல்லை, காலில் ரப்பர் பூட்ஸ். பெட்டியைத் திறந்து குழாயைத் திருகினார்கள். புஸ் என்று காற்று வந்தது, இரண்டு சொட்டு விழுந்தது, அவ்வளவுதான். மேனேஜர் சிரித்துக்கொண்டே "ஏர் லாக் மேடம்" என்றார். அந்தப் பெண் பதிவேட்டைப் புரட்டி, "ஒரு நாளைக்கு மூணு லட்சம் லிட்டர் இந்த வழியாப் போகுதுன்னு எழுதியிருக்கே, பாட்டிலுக்கு ஒரு லிட்டர் வரமாட்டேங்குதா" என்று கேட்டது. பிறகு குழாயைக் கையால் தடவிக்கொண்டே போய், கொடியை விலக்கி, அண்ணாந்து பார்த்து, "வெளிய போற தண்ணி மேலேர்ந்தா சார் வருது" என்றது, குரலை உயர்த்தவேயில்லை. பெரியவர் கைக்குட்டையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக் கண்ணையும் மூடிக்கொள்வார் போலிருந்தது. அந்தப் பெண் ஓடைக்கரைக்கு இறங்கி, கல்பலகையை இரண்டு ஆட்களை விட்டு நகர்த்தச் சொல்லி, நேராக அங்கேயே பாட்டிலை முக்கியது. அன்றைக்கு ஊதா. இரண்டு பாட்டிலில் பிடித்து, மூடி முத்திரை வைத்து, ஒட்டின சீட்டில் தொழிற்சாலை ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் கையெழுத்து வேண்டும் என்று என்னிடம் நீட்டியது. போட்டேன். "கெமிஸ்ட்ரி படிச்சீங்களா மேடம்" என்று ஒரே ஒரு கேள்விதான் என்னைக் கேட்டது. ஆமாம் என்று தலையாட்டினேன். என்னைப் பார்த்துவிட்டுப் போனது. அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தேவலை.

அவர்கள் வண்டி வாசலைத் தாண்டியதும் மேனேஜர் எல்லாரையும் பின்சுவருக்குக் கூப்பிட்டு, "எவன் தொட்டியில கை வச்சது" என்று கத்தினார். அப்போது துடைப்பமும் கையுமாக வெண்கலம் அக்கா வந்தாள். உனக்குத் தெரியாது, தரையும் கழிவறையும் சுத்தம் செய்கிறவள், மூன்று கூடம் தள்ளிப் பேசினாலும் பக்கத்தில் கேட்கும், அதனால் அந்தப் பெயர். குழாயைப் பளபளவென்று துடைத்து வைப்பதும் அவள் வேலை, பெட்டிச் சாவி அவளிடம். "நான்தான் சார் எடுத்தேன், இப்ப என்ன, கீழயா கொட்டுனோம், நாங்க நாலு பொம்பளைங்க குடிக்க எடுத்தோம், இந்த வாரம் கொஞ்சம் கூடப் போயிடுச்சு. எங்க தெருக்குழாயில வர்றத மாடுகூட மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. இம்மாம் பெரிய கம்பெனியில ஒரே ஒரு குழாயிலதான் மனுசன் குடிக்கிற தண்ணி வருது, அதையும் பூட்டி வச்சிருக்கீங்க. மாப்பிள்ளைக்கு மட்டுந்தான் தாகம் எடுக்குமா, எங்களுக்கெல்லாம் எடுக்காதா" என்றாள். பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் அவளுக்கு உற்சாகம் வந்து, "லேசா உப்புக் கரிக்கும், ஆனா ஒரு வாசன கெடையாது, எம்பொண்ணு ஆறு மாசம் முழுகாம இருக்கா, அவளுக்கு வேற தண்ணியே குடுக்கறதில்ல" என்று சொன்னாள். மிளகு, நான் அப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் துடைத்த தரை. லேசாக உப்புக் கரிக்கும் என்றாளே, அந்த உப்பு எத்தனை வாளி என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான், மேனேஜர் முகத்தில் ஒன்றும் இல்லை, அவர் தொட்டி காலியானதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தார். நான் அன்றைக்கு வீட்டுக்கு வந்து கையை ஆறு தடவை கழுவியும் அடங்காமல் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் போனால் கூரைமேல் தொட்டியே இல்லை. அது இருந்த இடத்தில் வட்டமாக வெள்ளைத் தடம், அதை மறைக்கப் பூந்தொட்டிகள் வைத்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் உள்ளே கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். துப்புரவுப் பணியாளர் குழாயைக் கழற்றித் தண்ணீர் திருடியதால் பழுதாகி, மாதிரி எடுக்க வந்தவர்கள் எங்களுக்குச் சம்பந்தமில்லாத மழைநீர் ஓடையில் தவறாக எடுத்துச் சென்றுவிட்டார்கள் என்று தட்டச்சு செய்திருந்தது, அடியில் என் பதவிப் பெயர், மேலே கையெழுத்துக்கு இடம். "சின்ன விஷயம் டீச்சர், உங்க கையெழுத்து விழுந்தா அந்தப் பாட்டில் செல்லாது, அந்தம்மாவ அனுப்பிட்டு வேற ஆள் போட்டுக்கலாம்" என்றார். நான் காகிதத்தை இன்னொரு தடவை படிப்பதைப் பார்த்து, "புதுச் சட்டத்துல பதிவேட்டுல யார் கையெழுத்து இருக்கோ அவங்களத்தான் மொதல்ல பிடிப்பாங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், திங்கக்கெழம காலையில வாங்கிக்கறேன்" என்றார். முன்கூடத்தில் விளக்குப் போட்டு மாட்டியிருக்கிற முதல் பக்கத்தைத் தாண்டி மிச்சத்தை அன்றைக்குத்தான் தேடிப் போனில் படித்தேன், அறுபத்திரண்டு பக்கம். நாற்பதாவது பக்கத்திலோ என்னவோ ஒரு வரி, தெரிந்தே பொய்யான அளவைப் பதிவு செய்கிறவரும் நீரை மாசுபடுத்தியவராகவே கருதப்படுவார் என்று. இத்தனை வருடமும் நான் என்னை எழுதுகிறவள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு, "ரெண்டு வாளின்னா நம்ம வீட்டு வாளியா" என்று கேட்டார், அதை ஏன் கேட்டார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆமாம், அந்த அளவுதான் என்றேன். எழுந்துபோய் குளியலறையில் இருந்த வாளியை எடுத்துப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார், கீழே வைத்தார். முதலில் "கையெழுத்துதானே, போட்டுட்டு வேலைய விட்டுடு, கண்ணக் காதப் பொத்திட்டு இருப்போம்" என்றார். கொஞ்சநேரம் கழித்து அவரே, "அந்தப் புள்ளத்தாச்சிப் பொண்ணு இன்னிக்கும் அதத்தானடி குடிக்கும்" என்றார். அதுதான், தொட்டியை எடுத்துவிட்டார்கள், ஆனால் வெண்கலம் அக்கா வீட்டில் கேனில் பிடித்து வைத்தது இருக்கும், அது தீரும்வரை குடிப்பார்கள். சனிக்கிழமை மத்தியானம் அப்பா வண்டியில் கொண்டுபோய் விட்டார், உள்ளே வரவில்லை, "நான் முனையில நிக்கிறேன், சத்தம் போட்டாங்கன்னா வர்றேன்" என்றார், சத்தம் போட்டால் என்ன செய்வார் என்று அவருக்கும் தெரியாது. அவள் வீடு ஓர் அறை, ஒரு சமையல் மூலை. கட்டிலில் அவள் பெண் காலுக்கடியில் தலையணை வைத்துப் படுத்திருந்தது, முழங்கையில் சொறிந்து சொறிந்து சிவந்த தடிப்பு. கட்டிலுக்கு அடியில் ஏழு கேன் வரிசையாக, தூசி விழாமல் மேலே வெள்ளைத் துணி போர்த்தி. வெண்கலம் அக்காவுக்கு என்னைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை, "டீச்சரம்மா நம்ம வீட்டுக்கா" என்று இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், ஒரு கேனைச் சாய்த்துக் கண்ணாடி டம்ளர் நிறைய ஊற்றி, "வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்க, நம்ம நல்ல தண்ணி" என்று நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். அவள் நான் குடிப்பதற்காக நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தவள், கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தால் எவ்வளவு நேரம் வைத்துக்கொண்டிருக்க முடியும். குடிக்கவில்லை, ஏன் குடிக்கவில்லை என்று சொல்ல வேண்டி வந்தது, சொன்னேன். வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டு போனவள்தான், ஒன்றும் அந்த மாதிரி வரவில்லை, "இதுல நான் கலந்திருக்கேன்" என்றுதான் வந்தது.

அவள் கத்தவில்லை. அவளுக்கு அவ்வளவு சின்னக் குரல் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரியும். "உங்களால ஒரு வாய் குடிக்க முடியல இல்ல" என்றாள். பிறகு, "மூணு மாசமா தெனமும் என்னப் பாத்தீங்களே டீச்சரம்மா, கேனோட போறத ஒருநாள்கூடவா பாக்கல" என்று கேட்டாள். ஈரத்தில் இருந்த தடத்தைப் பார்த்தேன் என்று சொன்னேன், அதை மறைக்க முடியவில்லை. என் கையிலிருந்த டம்ளரை வாங்கி மூலையில் வைத்துவிட்டு, போங்க என்றாள். கேன்களைத் தெருவில் கொட்டப் போனவளைக் கட்டிலில் இருந்த பெண்தான் தடுத்தது, "கொட்டாதம்மா, தொட்டியத்தான் எடுத்துட்டாங்கன்னு நீதான சொன்ன, வேற எங்க இருக்கு இந்தத் தண்ணி, இதுதான் சாட்சி" என்றது, வாசல்வரை வந்த எனக்கு அது கேட்டது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தின பெண்ணாம். அறுபத்திரண்டு பக்கம் படித்த எனக்கு அது தோன்றவில்லை. அன்றைக்கே மற்ற மூன்று பேர் வீட்டுக்கும் போனேன், ஒருத்தி நம்பவில்லை, ஒருத்தி கதவைச் சாத்தினாள், ஒருத்தி என் கைப்பையில் எப்போதும் செருகியிருக்கும் பேனாவைக் காட்டி, "இத வச்சுத்தான் எழுதுவியா" என்று கேட்டாள், உனக்கு அதற்குமேல் சொல்ல வேண்டாம்.

திங்கட்கிழமை காலை மேனேஜரின் காகிதத்தைக் கையெழுத்துப் போடாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போனால், வெண்கலம் அக்கா காலடியில் இரண்டு கேனோடு நிற்கிறாள். என்னிடம் பேசவில்லை, ஒரு கேனை என் பக்கம் காலால் நகர்த்தினாள். எடுத்துக்கொண்டேன். கண்டக்டர், "என்னம்மா தண்ணிய ஊர் கடத்துறீங்களா" என்று கேட்டதற்கு அவள், "மாப்பிள்ளைய வீட்டோட வச்சிருந்தோம், இப்ப கொண்டுபோய் விடறோம்" என்றாள், அவர் ஒன்றும் புரியாமல் சிரித்தார், அவள் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. நான் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டும் அவள் வேறொரு கம்பியைப் பிடித்துக்கொண்டும் கடைசிவரை நின்றுகொண்டே போனோம். நீர்க் கண்காணிப்பு அலுவலகம் மூன்றாவது மாடி, மின்தூக்கி வேலை செய்யவில்லை. அந்தப் பூட்ஸ் பெண் எங்களைப் பார்த்ததும் எழுந்தது, கேனைப் பார்த்தது, மூடியைத் திறந்து உப்பு அளக்கும் ஒரு கம்பியை விட்டுப் பார்த்து என்னைப் பார்த்தது. விகிதத்தைச் சொன்னேன். பதிவேட்டின் எண்களை எப்படிப் போடுவேன் என்று சொன்னேன், கல்பலகைக்கு அடியில் வேறு எங்கெல்லாம் ஓடைக்குப் போகும் திறப்பு இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டினேன், பேசப் பேச எனக்கே வியப்பாக இருந்தது, இவ்வளவும் எனக்குள் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்திருக்கிறது. கேன்களுக்கு முத்திரை வைத்தார்கள். வெண்கலம் அக்காவிடம், "இவங்க உங்களுக்கு என்ன வேணும்" என்று கேட்டபோது, "ஒண்ணும் வேணாம், ஒரே கம்பெனி" என்றாள்.

பிறகு ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். மேலேயே நீங்கள் யார் என்று கேட்டு மூன்று கட்டம் போட்டிருந்தது, புகார் கொடுப்பவர், பாதிக்கப்பட்டவர், சாட்சி. அவளுக்கு இரண்டாவதில் குறித்துக் கொடுத்தார்கள். எனக்கு அந்தப் பூட்ஸ் பெண் "சாட்சின்னு குறிச்சிடுங்க மேடம், அதுதான் வழக்கம்" என்றது, நல்ல மனதோடுதான் சொன்னது. மூன்று கட்டத்துக்கும் கீழே கோடு போட்டு நான்காவதாக ஒரு கட்டம் வரைந்து, பக்கத்தில் "கலந்தவள்" என்று எழுதி, அதில் குறித்தேன். அந்தப் பெண் அப்படியொரு கட்டம் கணினியில் இல்லையே என்றது. வெண்கலம் அக்காவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும், "என்ன எழுதுனீங்க, வாசிங்க" என்றாள். வாசித்தேன். கேட்கவில்லை என்றாள், அது பொய், அவளுக்குக் கேட்டிருக்கும். அந்த அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், எல்லாரும் திரும்பும்படி இன்னொரு தடவை சத்தமாக வாசித்தேன். அவள், "ரெண்டு வாளின்னும் எழுதுங்க" என்றாள். எழுதினேன்.

இவ்வளவுதான் நடந்தது. அன்றைக்கு மாலையே இருவரையும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எதிர்வரும் மாதம் விசாரணை, அபராதமாகவும் இருக்கலாம், அதற்கு மேலாகவும் இருக்கலாம், நானாகச் சொன்னதால் கொஞ்சம் குறையும் என்கிறார்கள், குறைய வேண்டும் என்று நான் கேட்கப்போவதில்லை. தொழிற்சாலைக் கதவைப் பூட்டி முத்திரை வைத்திருக்கிறார்கள், எத்தனை நாளைக்கு என்று தெரியாது, பூட்டினதால் வேலை போனவர்கள் தெருவில் என்னைப் பார்த்தால் காறித் துப்புகிறார்கள், அதுவும் நியாயமாகத்தான் படுகிறது. வெண்கலம் அக்காவின் பெண்ணுக்கு ஸ்கேன் எடுத்தார்கள், குழந்தைக்கு அசைவு நன்றாக இருக்கிறதாம், மற்றதைப் பிறந்த பிறகுதான் முழுதாகச் சொல்ல முடியும் என்றார்களாம், இதையும் அக்கா என்னிடம் சொல்லவில்லை, அப்பா விசாரித்துவந்து சொன்னார். நீ கிளம்பி வர வேண்டாம், வந்து என்ன செய்வாய், வேலையைப் பார். போன வருடம் உன் அலுவலகத்தில் அம்மாக்களைப் பற்றி ஆளுக்கொரு வரி எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள் என்று படம் அனுப்பினாயே, என் அம்மா அழுக்குத் தண்ணீரை நல்ல தண்ணீராக்குகிறார் என்று எழுதியிருந்தாய். அதை இன்னும் எடுக்காமல் இருந்தால் போய் எடுத்துவிடு. திருத்தி எழுத வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை, எடுத்தால் போதும்.

நோய்நொடி அண்டாமல், யாரிடமும் தலைகுனிய வேண்டிய காரியம் உன் கைக்கு வந்து சேராமல் நீ நெடுநாள் இருக்க வேண்டும். குளிருக்கென்று ஒரு கருஞ்சிவப்புக் கம்பளிச் சட்டை பார்சலில் அனுப்பியிருக்கிறேன், வெள்ளைத் துணியோடு போட்டுவிடாதே, முதல் இரண்டு தடவை தனியாக அலசு, சாயம் விடும்.

உன் வரவுக்கு அல்ல, உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா